ஆறு தோழிகள், மைசூர்ப் பயணம்: எங்கிருந்து தொடங்குவது?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கல்லூரித் தோழிகள் ஆறு பேர். நால்வருக்கு 45 வயது தாண்டிவிட்டது. கணவர், பிள்ளைகள் இல்லாமல் முதல்முறையாக மைசூர் போக ஆசைப்படுகிறோம். வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே இருக்கிறோமே தவிர, ஒன்றும் நகரவில்லை. எங்கிருந்து தொடங்குவது? செலவை எப்படிப் பிரிப்பது?"

ஊரைச் சரியாகவே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸில் இரவு மதுரையில் ஏறினால் மறுநாள் காலையில் மைசூர். வெளிச்சத்தில் போய் இறங்குவது முதல் பயணத்துக்குப் பெரிய தெம்பு. பார்க்க வேண்டியவையும் பெரும்பாலும் நகருக்குள்ளேயே இருக்கின்றன.

பேச்சு நகராததற்குக் காரணம், "எல்லோருக்கும் எப்போது வசதி?" என்ற கேள்வி. ஆறு வீடுகளுக்கும் ஒருசேர வசதியான நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. இரண்டு தேதிகளை மட்டும் முன்வையுங்கள். ஒரு வாரத்துக்குள் டிக்கெட் பணத்தை அனுப்புகிறவர்களே பயணிகள் என்று கணக்கு வையுங்கள். கண்டிப்பாகத் தோன்றலாம், ஆனால் ரயில் டிக்கெட்டைத் தந்தை, தாய், கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினர் பெயருக்குத்தான் மாற்ற முடியும். ஒரு தோழியின் இடத்தில் இன்னொரு தோழி போக வழியில்லை.

முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பு திறக்கிறது. ஆறு பேருக்கும் ஒரே டிக்கெட் எடுக்கத்தான் கை போகும். உங்கள் குழுவுக்கு அது சரிவராது. 45 வயது நிறைந்த பெண்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் தனியாகவோ, ஒரு டிக்கெட்டில் இருவராகவோ பதிவுசெய்தால்தான் அது பொருந்தும். எனவே அந்த நால்வருக்கும் இரண்டிரண்டு பேராக எடுங்கள். மற்ற இருவருக்கும் ஸ்லீப்பரில் பெண்கள் ஒதுக்கீட்டை முயலுங்கள். வயது வரம்பில்லாமல் பெண்களுக்கென ஆறு படுக்கைகள் அதில் உண்டு. ரயில்பெட்டிகள் வேறுவேறாக அமையலாம். மூட்டுவலிக்காரர் நடு இரவில் மேல்படுக்கையிலிருந்து இறங்கும் பாட்டைவிட அது எவ்வளவோ மேல்.

இனி பணம். தோழிகளுக்குள் மனக்கசப்பு வருவதும் இங்கேதான், வாய்திறந்து பேசாததும் இதைத்தான். குழுவில் கேட்டால் எல்லோரும் "உங்கள் இஷ்டம்" என்றுதான் சொல்வார்கள். ஒருவர் மட்டும் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி, "எவ்வளவு வரை தாங்கும்?" என்று கேட்கட்டும். வந்த தொகைகளில் மிகக் குறைந்தது எதுவோ, அதுதான் எல்லோருக்குமான திட்டம். அது யாருடைய தொகை என்பது கேட்டவரோடு நிற்க வேண்டும். அறை, சாப்பாடு, ஆட்டோவுக்கு ஆளுக்குச் சமமாகப் போட்டு ஒரு பொதுப்பணம். அதை ஒருவர் வைத்திருந்து, இரவுதோறும் கணக்கைக் குழுவில் போடட்டும். புடவையும் மைசூர்பாகும் அவரவர் பணத்தில்.

அறை எடுக்கும்போது மூன்று பேருக்கு ஓர் அறை என்று மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரே குளியலறை வாசலில் துண்டும் கையுமாக வரிசை நின்றால், காலைப்பொழுது அங்கேயே கரைந்துவிடும். காலையில் போய்ச் சேர்வதால், எத்தனை மணிக்கு அறை தருவார்கள் என்று போனில் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஆறு பேரும் அசல் அடையாள அட்டை எடுத்துச்செல்லுங்கள்.

அரண்மனை விளக்கலங்காரத்தை நிதானமாகப் பார்க்க ஞாயிறும் அரசு விடுமுறை நாள்களும்தான் தோது. எனவே வெள்ளி இரவு ஏறி, சனியன்று இறங்கி, திங்கள் மாலை ரயிலில் திரும்புங்கள். தசராவை முதல் பயணத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். கூட்டமும் அறை வாடகையும் திணறவைக்கும். சனி மதியம் அரண்மனையின் உட்புறம். 1897-இல் பழைய மர அரண்மனை தீயில் எரிந்த பிறகு, 1912-இல் கட்டிமுடிக்கப்பட்டது இது. அங்கிருந்து தேவராஜா மார்க்கெட். கூம்புகூம்பாகக் குவித்த குங்குமத்தையும் மல்லிகைப் பந்துகளையும் பார்த்துக்கொண்டே ஆளுக்கொரு முழம் வாங்கித் தலையில் வையுங்கள்.

ஞாயிறு காலை, சாமுண்டீஸ்வரி கோயில் இருக்கும் சாமுண்டி மலை. ஆயிரம் படிகளையும் ஏறியே தீருவது என்று யாரும் சபதம் எடுக்க வேண்டாம். பஸ்ஸில் மேலே போய், பெரிய நந்தி வரை மட்டும் இறங்கிப் பார்க்கலாம். கர்நாடக அரசு பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்பது அம்மாநிலத்தவருக்கு மட்டும். நீங்கள் டிக்கெட் எடுக்க வேண்டும். மதியம் முழுக்க ஓய்வு. மாலை ஆறரைக்கே அரண்மனை வளாகத்தில் இடம்பிடியுங்கள். ஏழு மணிவாக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பல்புகள் ஒரே நொடியில் எரியும்போது, அவ்வளவு பெரிய கூட்டமும் "ஆ" என்று கூவும். அதற்காகவே போகலாம். பிருந்தாவனம் போகலையா என்று ஊரில் கேட்பார்கள். அதுவும் மாலைக் காட்சிதான், 20 கிலோமீட்டர் தொலைவு. இரண்டையும் ஒரே மாலையில் திணித்தால் இரண்டும் கெடும்.

திங்கள், பட்டு. கர்நாடக அரசின் பட்டு நிறுவனமான கேஎஸ்ஐசியின் விற்பனையகத்துக்கு நீங்களே போங்கள். குறைந்த கட்டணத்தில் ஊர் சுற்றிக்காட்டுவதாகச் சொல்லும் ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் கடையில், அவருடைய கமிஷனும் விலையில் சேர்ந்திருக்கும்.

ரயிலில் சிக்கல் என்றால் 139, வெளியே 112. ரயில், விடுதி விவரங்களை ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று நாளைக்கு மாவரைத்து, குழம்பு வைத்து, சீருடைக்கு இஸ்திரி போட்டுவிட்டுக் கிளம்பும் பெண் களைத்துப்போய்த்தான் ரயில் ஏறுகிறாள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தேதி முடிவான அன்றே வீட்டில் சொல்லுங்கள். கேஸ் புத்தகமும் பால்காரர் எண்ணும் மருந்துச் சீட்டும் எங்கே இருக்கின்றன என்று காட்டிக்கொடுங்கள். சமையலை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கோயிலுக்கு வர இயலாத நாள் யாருக்காவது அமையலாம். ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம். இன்னொருவர் அவருடன் மிருகக்காட்சிசாலைக்குப் போகட்டும். செவ்வாய் மட்டும்தான் அதற்கு விடுமுறை. மதியம் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளலாம்.