நல்ல படம் என்று யார் சொல்வது?

கேள்வி: விக்கிப்பீடியா முதலிய தளங்களுக்கான படங்களையும் பிற கோப்புகளையும் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் சில படங்களுக்குத் ‘தரமான படம்’ என்றும், சிலவற்றுக்குச் ‘சிறப்புப் படம்’ என்றும், வேறு சிலவற்றுக்கு ‘மதிப்புமிக்க படம்’ என்றும் முத்திரை இருக்கிறது. தன்னார்வலர்கள் எடுத்துத் தரும் படங்களுக்கு இத்தனை முத்திரைகள் எதற்கு? இவற்றுள் எது உயர்ந்தது?

பதில்: மூன்றையும் ஒரே ஏணியின் படிகளாக எண்ணுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. 2004 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பொதுவகத்தில் இன்று 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ளன. கட்டற்ற உரிமமும் (எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி) கல்விப் பயனும் இருந்தால் எவரும் அங்கே படம் சேர்க்கலாம் என்பதால், நல்லதைத் தேடி எடுப்பது எளிதாக இருப்பதில்லை. முத்திரைகள் தேடுகிறவருக்கு வழிகாட்டுகின்றன. கைம்மாறு கருதாமல் படம் தந்தவருக்கு, ஒருவர் தம் படத்தைக் கவனமாகப் பார்த்தார் என்ற நிறைவையும் தருகின்றன. இந்த இரண்டாவது பயனை நான் சிறிதாக மதிப்பதில்லை.

தரமான படம் என்பது எடுத்த விதத்தைப் பற்றிய மதிப்பீடு. குவியம் சரியா, ஒளி அளவாக இருக்கிறதா, கோப்பின் பெயரும் விளக்கமும் பகுப்பும் பொருத்தமா என்பனவெல்லாம் இதில் பார்க்கப்படும். பொதுவகப் பயனர் ஒருவரே எடுத்த படமாக அது இருக்க வேண்டும். விண்வெளி ஆய்வு நிறுவனமோ அருங்காட்சியகமோ வெளியிட்ட படத்துக்கு இங்கே இடமில்லை. ஆகவே, தன்னார்வலரின் கைத்திறனுக்கென்றே அமைந்த அங்கீகாரம் இதுதான். எடுத்தவரும் முன்மொழிந்தவரும் அல்லாத ஒரு பயனர் ஏற்றுக்கொண்டு, அதன்பின் இரண்டு நாள்களுக்குள் எவரும் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் முத்திரை கிடைத்துவிடும்.

சிறப்புப் படத்துக்கு வாக்கெடுப்பு உண்டு. ஒன்பது நாள்களில் குறைந்தது ஏழு ஆதரவு வாக்குகள் சேர வேண்டும். ஆதரவு, எதிர்ப்பைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். குறையில்லாமல் எடுக்கப்பட்ட படம்கூட, பார்த்தவரை நிறுத்திவைக்கும் ஆற்றல் இல்லாததால் இங்கே தோற்பதுண்டு. அது இயல்பான முடிவே.

மதிப்புமிக்க படம் வேறொன்றைக் கேட்கிறது: குறிப்பிட்ட ஒரு பொருளைக் காட்டுவதற்குப் பொதுவகத்தில் உள்ளவற்றுள் இதைவிடப் பயனுள்ள படம் உண்டா? அரிதாகக் கண்ணில் படும் பூச்சி ஒன்றின் படம் சற்றே மங்கலாக இருந்தாலும், அதன் அடையாளங்களை மற்ற எந்தப் படத்தையும் விடத் தெளிவாகக் காட்டினால் அது தேர்வாகலாம். பின்னர் அதனினும் நல்ல படம் வந்தால், ஒப்பிட்டுப் பார்த்து முத்திரையை அதற்கு மாற்றிவிடுவார்கள். கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதுகிறவருக்கு மூன்றிலும் மிகுதியாக உதவுவது இதுவே என்பது என் கருத்து. ஆனால் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே.

கேள்வி: நான் எடுத்த கட்டடப் படம் ஒன்றைத் தரமான படத்துக்கு முன்மொழிந்தேன். ‘செங்குத்துக் கோடுகள் சாய்ந்துள்ளன, நிழற்பகுதியில் நாய்ஸ் (புள்ளி புள்ளியாகத் தெரியும் கறை) மிகுதி’ என்று ஒருவர் மறுத்துவிட்டார். என் கைப்பேசித் திரையில் படம் மிகத் தெளிவாகத்தான் தெரிகிறது. இது முறைதானா?

பதில்: முறைதான். மதிப்பிடுகிறவர் படத்தை அதன் முழு அளவில் திறந்து பார்ப்பார்; கைப்பேசித் திரை அதே படத்தைப் பல மடங்கு சுருக்கிக் காட்டுவதால் குறைகள் மறைந்துவிடுகின்றன. கணினியில் முழு அளவில் வைத்து, முதலில் நான்கு மூலைகளையும், பிறகு நிழற்பகுதிகளையும், அதன்பின் வானத்தை ஒட்டிய விளிம்புகளையும் பாருங்கள். விளிம்புகளில் ஊதா அல்லது பச்சை நிறக் கசிவு தெரிந்தால் அது வில்லையின் குறை. பெரும்பாலான திருத்து மென்பொருள்களில் அதைப் போக்கலாம். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்து எடுத்ததால்தான் கட்டடத்தின் பக்கக் கோடுகள் உச்சியில் ஒன்றையொன்று நெருங்குகின்றன. கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்துத் தொலைவிலிருந்து எடுக்கலாம். இயலாவிட்டால் மென்பொருளில் நிமிர்த்தலாம். நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விட்டு எடுப்பது நல்லது.

மறுத்தவர் காரணத்தை எழுதியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். திருத்தக்கூடிய குறை என்றால் திருத்திய கோப்பை அதே பெயரில் பதிவேற்றி அவருக்குத் தெரிவிக்கலாம். அவர் கூறியது தவறு என்று உண்மையாகவே கருதினால், பலர் கூடிக் கருத்துச் சொல்லும் கலந்தாய்வுக்குப் படத்தை அனுப்பலாம்.

கேள்வி: படத்தைச் சிறிதாக்கிவிட்டால் நாய்ஸ் தெரியாது என்கிறார்களே, அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். தரமான படத்துக்குக் குறைந்தது 2 மெகாபிக்சல் வேண்டும் என்ற வரம்பு, பெரிய படத்தை அதுவரை சுருக்கலாம் என்ற அனுமதியாகாது; குறையை மறைப்பதற்காகச் சுருக்குவதை நெறிமுறை ஏற்பதில்லை. பதிவேற்றிய படத்தை யாரோ ஒருவர் நாளை சுவரொட்டியாக அச்சிடலாம், ஒரு மூலையை மட்டும் வெட்டிப் பாடநூலில் சேர்க்கலாம். அவர்களுக்கு வேண்டியது நீங்கள் சுருக்கி எறிந்த நுணுக்கம்தான்.

கேள்வி: நான் படம் எடுப்பவன் அல்லன், வாசகன் மட்டுமே. இந்தப் பணியில் எனக்கு இடமுண்டா?

பதில்: உண்டு, அதுவும் அவசரமாகத் தேவைப்படும் இடம். பிறர் படங்களை நீங்கள் முன்மொழியலாம். கணக்குத் தொடங்கிப் பத்து நாள்கள் கழிந்து, 50 தொகுப்புகளும் (தளத்தின் பக்கங்களில் செய்யும் மாற்றங்கள்) செய்திருந்தால் வாக்களிக்கலாம். தரமான படங்களை மதிப்பிடவும் செய்யலாம். பறவைகளையோ தாவரங்களையோ இயந்திரங்களையோ அறிந்தவராக நீங்கள் இருந்தால், அழகாக எடுக்கப்பட்ட ஒரு படத்துக்குத் தவறான இனப்பெயர் இடப்பட்டிருப்பதை, கூர்மையை மட்டும் அளக்கும் கண்ணுக்கு முன்பே கண்டுபிடிப்பீர்கள். மதிப்பிடும்போது ‘நன்று’ என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடாமல், எது நன்றாக அமைந்தது என்பதை ஒரு வரியிலாவது எழுதுங்கள். படம் எடுத்தவர் அடுத்த முறை கேமராவைக் கையில் எடுக்கும்போது அந்த வரி அவருக்குப் பயன்படும்.