வெண்கலச் சான்றிதழும் அரை விழுக்காடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில வருடங்களுக்கு முன் வருமான வரித்துறை எனக்கு மின்னஞ்சலில் ஒரு 'வெண்கல' பாராட்டுச் சான்றிதழ் அனுப்பியது. சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள், அப்புறம் எதற்குப் பாராட்டு? நாங்கள் கொஞ்சம் பேர் வரி கட்ட, மற்றவர்கள் இலவசம் வாங்குகிறார்கள். கட்டுகிறவனிடம் அரசுக்கு உண்மையில் நன்றி உண்டா?

கே.

அன்புள்ள கே,

2016இல் நேரடி வரிகள் வாரியம் ஆரம்பித்த திட்டம் அது. 1 லட்சத்துக்கு மேல் கட்டினால் வெண்கலம், 10 லட்சம் தாண்டினால் வெள்ளி, 50 லட்சம் தாண்டினால் தங்கம், கோடிக்குப் பிளாட்டினம். பாக்கி இருக்கக்கூடாது, ரிட்டர்ன், அதாவது வருமான வரிக் கணக்கு, கெடுவுக்குள் போட்டிருக்க வேண்டும். பிரிண்ட் எடுத்துச் சுவரில் மாட்டலாம்.

'கொஞ்சம் பேர்' என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். குளியல் சோப்புக்கு 2025 செப்டம்பர் 22இல் 5 விழுக்காடாகக் குறையும் வரை 18 விழுக்காடு ஜிஎஸ்டி. சித்தாள் வேலைக்குப் போகிறவரும் அதைக் கொடுத்துத்தான் வாங்கினார். அவருக்கு யாரும் சான்றிதழ் அனுப்பவில்லை.

நன்றி உண்டா என்று தெரிய வட்டிக் கணக்கைப் பாருங்கள். நீங்கள் வரியைத் தாமதமாகக் கட்டினால் மாதம் 1 விழுக்காடு. ரீஃபண்டுக்கு, அதாவது கூடுதலாகக் கட்டிய வரியைத் திருப்பித் தரும்போது, அவர்கள் தருவது, 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 244ஏ பிரிவுப்படி, மாதம் அரை விழுக்காடு. 40,000 ரூபாய் ரீஃபண்ட் நவம்பரில் வந்தால் ஏப்ரலிலிருந்து எட்டு மாதத்துக்கு 1,600 ரூபாய். அதே தொகையை நீங்கள் எட்டு மாதம் பாக்கி வைத்திருந்தால் 3,200. அவர்கள் தந்த வட்டிக்கு நீங்கள் வரி கட்ட வேண்டும்; நீங்கள் கட்டிய வட்டியை வருமானத்தில் கழிக்க முடியாது. போன வருடம் ஜூனில் கூடுதலாகப் பிடித்த பணத்துக்கும் இந்த வருடம் ஏப்ரல் 1 முதல்தான் வட்டி ஓடும். ரீஃபண்ட் மொத்த வரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே என்றால், டிடிஎஸ்ஸாக, அதாவது சம்பளத்திலேயே, பிடித்ததற்கு வட்டியே கிடையாது.

ஆகவே ரீஃபண்டை வரவு மாதிரி எதிர்பார்க்காதீர்கள். வாடகை, காப்பீடு போன்றவற்றுக்குக் கழிவு தரும் பழைய வரிமுறையில் இருந்தால் வாடகை ரசீது, காப்பீட்டு பிரீமியம் எல்லாவற்றையும் வருடக் கடைசிச் சம்பளத்துக்கு முன்பே அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். கூடுதல் பிடித்தமே இருக்காது.

அப்படியும் ரீஃபண்ட் வர வேண்டியிருந்தால், பலர் சறுக்குவது ரிட்டர்ன் போட்ட பிறகுதான். 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் உறுதி செய்யாவிட்டால், உறுதி செய்த தேதியே தாக்கல் தேதி ஆகிவிடும். அது கெடுவைத் தாண்டினால் தாமதக் கட்டணம், ஏப்ரலிலிருந்து ஓட வேண்டிய வட்டியும் போச்சு. வங்கிக் கணக்கை வருமான வரி போர்ட்டலில் முன்கூட்டியே 'வேலிடேட்' (சரிபார்ப்பு) செய்து வையுங்கள். பான் அட்டையில் ஒரு பெயர், பாஸ்புக்கில் வேறு இனிஷியல் என்றால் பணம் திரும்பிப் போகும். அந்தத் தாமதம் உங்கள் கணக்கில்தான் சேரும், வட்டி வராது.

அதே 1961 சட்டத்தின் 245ஆம் பிரிவில் கடிதம் வந்தால் அலட்சியம் வேண்டாம். ஏதோ பழைய பாக்கிக்கு உங்கள் ரீஃபண்டைக் கழித்துக்கொள்ளப் போகிறோம் என்பதுதான் அதன் பொருள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் போர்ட்டலில் 'ஏற்கவில்லை' என்று வரி கட்டிய செலான் விவரத்தோடு கெடுவுக்குள் பதில் போடுங்கள். பேசாமல் இருந்தால் கழித்துவிடுவார்கள்.