அஞ்சு மணி அலாரமும் டீக்கடை பெஞ்சும்

கேள்வி: அன்புள்ள டீச்சர், எனக்கு 41 வயது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தபடிதான். தை மாதம் நடக்க ஆரம்பித்தேன், சித்திரையிலிருந்து ஓடுகிறேன். வாரத்துக்கு ஐந்து நாள், தினமும் 5 கிலோமீட்டர். முதலில் 45 நிமிடம் ஆனது, ஆனி பிறக்கும்போது 38க்கு வந்தேன். அதோடு சரி, இரண்டு மாதமாக அதே 38, 39. ஸ்மார்ட் வாட்சில் இதயத்துடிப்பு 168 காட்டுகிறது. வீடு திரும்பினால் வாசல்படியில் கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் அடுப்படிக்குப் போக முடிகிறது. பக்கத்து வீட்டுத் தம்பி, "மூச்சு முட்ட ஓடினாத்தான்க்கா முன்னேற்றம்" என்கிறான். தெருமுனை டீக்கடையில் ஒருவர், "என்னக்கா, பஸ்ஸ விட்டுட்டியளா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த இடத்தில் மட்டும் இன்னும் வேகமாக ஓடுகிறேன். இப்போது பத்து நாளாக அஞ்சு மணி அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். ஜனவரியில் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் வேறு கொடுத்தாச்சு. எனக்கு மனஉறுதி இல்லையா? ஊக்கம் வர என்ன செய்யணும்?
— பெயர் வேண்டாம், பெருமாள்புரம், பாளையங்கோட்டை

பதில்: மனஉறுதி இல்லாதவள் திருநெல்வேலியில் சித்திரை மாதம் பார்த்து ஓட ஆரம்பித்திருக்க மாட்டாள், தங்கச்சி. அந்தப் பேச்சை முதலில் விடுங்கள். உங்களிடம் உறுதி தேவைக்கு மேலேயே இருக்கிறது. அதை வாரத்துக்கு ஐந்து நாளும் முழுசாகச் செலவழித்துவிடுகிறீர்கள், அதுதான் சிக்கல்.

உங்கள் கடிதத்திலேயே கணக்கு இருக்கிறது. இதயம் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கும் என்பதற்குப் பழைய கணக்கு, 220இலிருந்து வயதைக் கழிப்பது. உங்களுக்கு 179. வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கும் புதிய கணக்கிலும் உங்கள் வயதுக்கு அதே 179தான் வருகிறது. இரண்டும் சராசரிதான். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடலாம், குறையலாம். எப்படிப் பார்த்தாலும் 168 என்பது உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது போட்டியில் ஓடுகிற ஓட்டம். வாரத்துக்கு ஐந்து போட்டி ஓடி, ஆறாவது நாளும் துள்ளி எழுந்திருக்க வேண்டும் என்றால் எந்த உடம்பு கேட்கும்? அலாரம் அடிக்கும்போது உடம்புக்கு நினைவு வருவது நேற்றைய வாசல்படிதான். சோம்பேறித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த 168ஐயும் அப்படியே நம்பிவிட வேண்டாம். மணிக்கட்டில் கட்டுகிற வாட்ச் சில நேரம் காலடி அதிர்வைத் துடிப்பென்று எண்ணிவிடும். ஓடும்போது நிமிடத்துக்கு 160, 170 அடி வைப்பது சாதாரணம் என்பதால் அந்த எண்ணே திரையில் வந்து நிற்கும். ஒருநாள் ஓட்டத்தை நிறுத்திய கையோடு கழுத்தோரம் விரல் வைத்து 15 விநாடி எண்ணி, நாலால் பெருக்கிப் பாருங்கள். 40 வந்தால் வாட்ச் சொன்னது ஏறக்குறைய சரி. 34, 35தான் வருகிறது என்றால் வாட்ச் உங்கள் செருப்பைத்தான் எண்ணியிருக்கிறது. ஆனால் கால் மணி நேரம் படியில் உட்கார வைக்கிற ஓட்டம் கடினமான ஓட்டம்தான், எந்த வாட்ச் என்ன சொன்னாலும்.

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஒரு கதை சொல்லுங்கள். நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்றொரு பயிற்சியாளர் இருந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயிற்சி எடுத்த பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள்: பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில், மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரில். இரண்டு நிமிடம்கூட ஆகாத 800 மீட்டருக்குத் தயாராகிற ஸ்னெல்லை அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் மேடும் பள்ளமுமான பாதையில் 35 கிலோமீட்டர் ஓடவிட்டார். வேகப் பயிற்சியெல்லாம் அந்த அடித்தளம் விழுந்த பிறகுதான். அதே லிடியார்ட் வயதானவர்களையும் இதயநோய் கண்டவர்களையும் சேர்த்து ஆக்லாந்தில் மெல்லோட்டக் குழு ஒன்றும் ஆரம்பித்தார். 1962 கடைசியில் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன், பின்னாளில் நைக்கி கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர், அந்தக் குழுவோடு ஓடிப் பார்த்தார். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மூச்சு வாங்கிப் பின்தங்கிவிட்டார். மாரடைப்பு கண்டு மீண்டவர், எழுபதைத் தாண்டியவர், துணைக்கு அவர்கூடவே பேசிக்கொண்டே ஓடினாராம். பவர்மேனுக்குப் பதில் பேச மூச்சில்லை. ஊர் திரும்பி அவர் எழுதிய பிறகுதான் அமெரிக்காவில் சாதாரண ஜனங்கள் தெருவில் இறங்கி ஓட ஆரம்பித்தார்கள்.

அந்தக் கிழவர் செய்ததுதான் நீங்களும் செய்ய வேண்டியது. பேசிக்கொண்டே ஓடுங்கள். துணைக்கு ஆளில்லையா, நம்மூர் மாப்பிள்ளைச் சொதி வைக்கும் முறையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள். தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் தனித்தனியாகப் பிழிந்து வைக்கணும். மூன்றாம் பாலில் முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கை வேகவிடணும். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்க்கணும். இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்து விடணும். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் நுரை கட்டும்போதே இறக்கி, எலுமிச்சம்பழம் பிழியணும். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் முடிக்க முடிந்தால் உங்கள் வேகம் சரி. "முருங்கைக்காய்... கேரட்..." என்று நடுவில் மூச்சு வாங்கினால் அதிகம். உடனே வேகத்தைக் குறையுங்கள், வேண்டுமென்றால் நடங்கள். துடிப்புக் கணக்கில் இது உங்களுக்கு 125இலிருந்து 135க்குள் வரும்.

இந்த வேகம் உங்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். இப்போது ஒரு கிலோமீட்டரை ஏழரை நிமிடத்தில் ஓடுகிறீர்கள். இனி ஒன்பது, ஒன்பதரை ஆகும். விறுவிறுவென்று நடக்கிற மாமா ஒருவர் உங்களைத் தாண்டிப்போனாலும் போவார். போகட்டும். மூச்சு இரைக்காத ஓட்டத்தில்தான் தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுகிற ரத்தம் கூடுகிறது, கொழுப்பை எரித்து ஓட உடம்பு பழகுகிறது. இதெல்லாம் மாதக்கணக்கில் நடக்கிற வேலை. மூச்சு முட்ட ஓடுவதிலும் பலன் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து தேறி வர நாளாகும். தேறுவதற்குள் அடுத்த நாளும் அப்படியே ஓடினால், மெதுவான ஓட்டத்தின் பலனும் கிடைக்காது, உண்மையான வேகத்தில் ஓடத் தெம்பும் இருக்காது. இரண்டு மாதம் 38இல் நிற்பதற்குக் காரணம் இதுதான். தசையும் மூச்சும் சீக்கிரம் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் மெதுவாகத்தான் பழகும். உங்களுக்குக் கணுக்காலோ முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்போ இன்னும் வலிக்கவில்லை என்றால் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த டீக்கடைக்கு வருவோம், ஏனென்றால் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். நீங்கள் அந்த வேகத்தில் ஓடுவது பயிற்சிக்காக இல்லை, வெட்கத்துக்காக. மெதுவாக ஓடினால் நாலு பேர் பார்ப்பார்கள், சேலை கட்டுகிற வயசில் டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு இதென்ன என்பார்கள் என்ற கூச்சம் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழாவில் 800 மீட்டர் ஓடவிட்டால் பிள்ளைகளும் இதையேதான் செய்வார்கள். ஆட்கள் உட்கார்ந்திருக்கிற பக்கம் வரும்போது பறப்பார்கள், எதிர்ப்பக்கம் போனதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அண்ணாச்சி கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நம்மூர்க் கேலி அது. "ஆமா அண்ணாச்சி, அடுத்த பஸ்ஸாவது கிடைக்கான்னு பாக்கேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போங்கள். நின்று பதில் சொல்லும் அளவுக்கு மூச்சு இருக்கிறதா என்பதும் அங்கே தெரிந்துவிடும். ஒரு வாரம் தொடர்ந்து பார்த்துவிட்டால் பெஞ்சுக்காரர்கள் பேச்சை மாற்றிக்கொள்வார்கள். அதுவரை பொறுக்க முடியாது என்றால் வ.உ.சி. மைதானத்துக்குப் போங்கள். காலையில் அங்கே நடக்க வருகிறவர்களுக்கு அவரவர் சர்க்கரையும் முழங்காலும் பற்றிய கவலைதான். யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் கேலி வேறு, பின்தொடர்வது வேறு. இருட்டில் யாராவது பின்னால் வந்தாலோ, வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே பேசினாலோ, பொறுத்துக்கொண்டு போகிற வேலையே வேண்டாம். வெளிச்சம் வந்த பிறகு புறப்படுங்கள், அல்லது துணை சேர்த்துக்கொள்ளுங்கள். நாய் குரைத்து வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடந்துவிடுங்கள். ஓடினால் துரத்தும். கடித்தால் சோப்புப் போட்டுத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வெயிலையும் காற்றையும் கணக்கில் சேர்க்காமல் நம்மூரில் நிமிடக் கணக்கு பார்க்கவே கூடாது. புழுக்கத்தில் உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். ஆடியில் மேற்கே கணவாய் வழியாக வருகிற காற்று ஆளையே தள்ளும். அந்த மாதங்களில் போகும்போது மேற்கே பார்த்துப் போங்கள், திரும்பும்போது காற்று முதுகில் இருக்கட்டும். ரெட்டியார்பட்டி மலைச்சாலை ஏற்றத்தில் நடங்கள், அதில் வெட்கமே வேண்டாம். 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலவே, பின்னாளில் சாதாரண ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே இடையிடையே நடந்து ஓடுகிற முறையைத்தான்.

பத்து நாள் விட்டுப்போனதால் ஒன்றும் குடி முழுகவில்லை. ஓய்வு வேண்டியிருந்தது, எடுத்தாச்சு. இனி வாரத்துக்கு நாலு நாள் போதும். முதல் வாரம் 25 நிமிடம், அப்புறம் மெல்ல மெல்ல 40. கிலோமீட்டரை மறந்துவிட்டு நிமிடத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் நீளம். தெரு அடங்கிக் கிடக்கும் நேரத்தில் கொக்கிரகுளத்திலிருந்து கிளம்பி, 1843இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டி, ஜங்ஷன் வழியாக டவுன் ரதவீதிகளைச் சுற்றி வந்தால் நெல்லையப்பர் கோபுரத்தை நாலு பக்கமும் பார்த்த மாதிரியும் ஆகும். இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும், அந்தச் சபலம் வேண்டாம். ஆறு வாரம் இப்படி ஓடிய பிறகு, வாரத்தில் ஒருநாள் மட்டும் நடுவில் ஒரு நிமிடம் வேகமாக, இரண்டு நிமிடம் மெதுவாக என்று ஆறு தடவை ஓடுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னதற்கு அந்த ஒருநாள் போதும்.

முன்னேற்றம் பார்க்காமல் உங்களால் இருக்க முடியாது, கணக்கு எழுதுகிற ஆள். சரி, மாதம் ஒருமுறை பாருங்கள். அதே பாதை, அதே நேரம், துடிப்பு 135ஐத் தாண்டாமல் 3 கிலோமீட்டர். எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். துடிப்பு கூடாமல் நிமிடம் குறைந்தால் அதுதான் நிஜமான முன்னேற்றம். மார்கழிக் குளிரில் தானாகவே கொஞ்சம் குறையும், அதை உங்கள் சாமர்த்தியத்தில் சேர்த்துவிடாதீர்கள். மற்ற நாளில் வாட்ச் வீட்டிலேயே கிடக்கட்டும். ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழு எதிலாவது இருந்தால் அதையும் மியூட்டில் போடுங்கள். அங்கே எல்லோரும் அவரவருடைய நல்ல நாளைத்தான் போடுவார்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து குறைந்தால் வேகம் நின்றுபோகும், படியில் உட்கார வைக்கும், காலையில் எழவும் விடாது. நீங்கள் எழுதிய மூன்றும் அதிலும் வரும். கையோடு தைராய்டும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வந்தால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஜனவரிக்குக் கொடுத்த பேரைத் திரும்ப வாங்க வேண்டாம். ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் ஒன்றரை மணி நேரத்துக்கு வந்திருந்தால் 10 கிலோமீட்டர் பயமில்லை. கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம் என்றாலும் அதே ஒன்றரை மணிதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் பிடித்தால் வீட்டுக்குள்ளேயே மாடிப்படி ஏறி இறங்குங்கள், தண்ணீர் தேங்கிய சாலையில் இறங்க வேண்டாம். புது ஷூ வாங்குவதென்றால் ஓட்டத்துக்கு முந்தின நாள் வாங்காமல் ஒரு மாதம் முன்பே வாங்கிப் பழக்கிவிடுங்கள். கடைக்குச் சாயங்காலம் போங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.