வீட்டுக்குள் வளரும் பாம் செடிகளுக்கு எந்த மண் கலவை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தோட்டத்து மண்ணை நிரப்பிய தொட்டியில் அரேகா பாம் வைத்திருக்கிறேன். தவறாமல் உரம் இட்டும் செடி வளரவில்லை. உரத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: உரத்தில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. வேருக்குக் காற்று கிடைக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். நிலத்தில் மண்புழுக்களும் பிற செடிகளின் வேர்களும் மண்ணைத் துளைத்துக்கொண்டே இருப்பதாலும், மிகுந்த நீர் ஆழத்துக்கு இறங்கிவிடுவதாலும் நன்றாக இருக்கும் அதே மண், தொட்டிக்குள் வந்த பிறகு ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் சிறிது சிறிதாகப் படிந்து இறுகிவிடுகிறது. பாம் எனப்படும் பனைக் குடும்பத்துச் செடிகளுக்கு இது மிகவும் கெடுதல். அவற்றின் வேர்கள் தண்டின் அடியிலிருந்து கற்றையாகக் கிளம்புபவை. மற்ற மரங்களின் வேர்களைப் போல ஆண்டுதோறும் பருப்பவை அல்ல.

செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாக உருவி, வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில், விரலால் அழுத்தினால் உறுதியாக இருக்கும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வர, உள்ளே நூல் போன்ற நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். புளித்த வாடையும் வரும். அப்படி இருந்தால் உரத்தை உடனே நிறுத்திவிட்டுக் கலவையை மாற்றுங்கள். அழுகிய வேர் உரத்தை உறிஞ்சாது. தேங்கும் உப்பு மிச்சமிருக்கும் வேரையும் கெடுக்கும்.

கேள்வி: வீட்டிலேயே கலவை தயாரிக்க என்னென்ன பொருள்கள், எந்த அளவில் வேண்டும்?

பதில்: எடையால் அல்லாமல் கொள்ளளவால், அதாவது ஒரே குவளையால் அளந்து, நான்கு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மூன்று பங்கு மரப்பட்டைத் துண்டுகள், இரண்டு பங்கு பெர்லைட் (எரிமலைப் பாறையைச் சூடாக்கிப் பொரித்த இலேசான வெள்ளை மணிகள்), ஒரு பங்கு நன்கு மட்கிய மண்புழு உரம் என்று கலந்தால் பெரும்பாலான பாம் வகைகளுக்குப் பொருந்தும். இவற்றுள் பலரும் விட்டுவிடும் பொருள் மரப்பட்டை. என் கருத்தில் அதுதான் மிகவும் முக்கியமானது. பாம் செடி இரண்டு, மூன்று ஆண்டுகள் ஒரே தொட்டியில் இருக்கப்போகிறது. அத்தனை காலமும் கலவைக்குள் இடைவெளிகள் நிலைத்திருக்க வேண்டுமானால், மெதுவாக மட்கும் பருமனான பொருள் ஒன்று அதில் இருந்தாக வேண்டும். பட்டை கிடைக்காவிட்டால் தேங்காய் மட்டைத் துண்டுகளைச் சேர்க்கலாம். இரண்டையும் ஒரு செ.மீ. அளவில் நறுக்கினால் போதும்.

பெர்லைட்டுக்குப் பதில் மணல் சேர்ப்பதானால் பருமணலே வேண்டும். நுண்மணல் இடைவெளிகளை அடைத்து, கலவையை முன்பைவிட மோசமாக்கிவிடும். கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அது வேண்டாம். உயரமாக வளரும் கென்டியா பாம் சாயாமல் நிற்கப் பருமணலின் எடை உதவும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வகைக்கு ஏற்பச் சிறு மாற்றம் செய்துகொள்ளலாம். மடகாஸ்கரின் ஆற்றோரங்களில் வளரும் மெஜஸ்டி பாமுக்குக் கோகோபீட்டை ஒரு பங்கு கூட்டலாம். குட்டை ஈச்ச வகைகளுக்கு ஒரு பங்கு குறைத்துப் பெர்லைட்டைக் கூட்டலாம். கலவையைத் தொட்டியில் நிரப்பி நன்றாக நனைத்த பிறகு, மீண்டும் ஒரு முறை நீர் ஊற்றிப் பாருங்கள். நீர் மேற்பரப்பில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் பருமனான பொருள் போதவில்லை என்று பொருள்.

கேள்வி: தொட்டியின் அடியில் சரளைக்கல் பரப்பினால் வடிகால் நன்றாக இருக்கும் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். நுண்ணிய கலவையிலிருந்து பருமனான கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது. கலவை முழுவதும் நிறைந்து மிகுந்த பிறகே சொட்டும். எந்தத் தொட்டியிலும் அடியில் ஈரம் தேங்கிய ஓர் அடுக்கு இருக்கும். கல் போட்டால் அந்த அடுக்கு கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் அருகில் வந்து நிற்கும். துளைகள் அடையாமலிருக்க ஒரு துண்டு வலை போதும். ஒரே கலவையை அகலமான குட்டைத் தொட்டியிலும் உயரமான தொட்டியிலும் நிரப்பினால், உயரமான தொட்டியில்தான் வேருக்குக் காற்றுள்ள பகுதி அதிகம்.

கேள்வி: கோகோபீட்டில் வைத்த பிறகு இலை நுனிகள் பழுப்பாகின்றன. அதில் உப்பு இருக்குமா?

பதில்: இருக்கலாம். தேங்காய் நாரில் சோடியமும் பொட்டாசியமும் இயல்பாகவே உண்டு. மட்டையை உவர்நீரில் ஊறவைத்திருந்தால் சோடியம் இன்னும் கூடுதலாக இருக்கும். கோகோபீட் கட்டியை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து, வடியும் நீர் ஏறக்குறையத் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். நாரோடு ஒட்டியிருக்கும் சோடியம் வெறும் நீரில் முழுமையாக நீங்காது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தால்தான் கால்சியம் அந்த இடத்தைப் பிடித்து அதை வெளியேற்றும். ஆகவே உப்பு நீக்கிப் பக்குவப்படுத்தியது என்று குறிப்பிட்டு விற்கப்படுவதை வாங்குவது நல்லது.

நுனி கருகுவதற்கு ஃபுளோரைடும் காரணமாகலாம். பார்லர் பாம் அதனால் எளிதில் பாதிக்கப்படும். சூப்பர் பாஸ்பேட் உரத்தில் ஃபுளோரைடு இருப்பதால் அதைக் கலவையில் சேர்க்காதீர்கள். கலவையின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 6 முதல் 6.5 வரை இருந்தால் வேர் ஃபுளோரைடை உறிஞ்சுவது குறையும்.

கேள்வி: கடையில் கிடைக்கும் கள்ளிச்செடிக் கலவையை அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: அப்படியே வேண்டாம்; பாமுக்கு அது விரைவில் காய்ந்துவிடும். பாதிக்குப் பாதி கோகோபீட் சேர்த்தால் பயன்படும். போனிடெயில் பாம் பெயரில் மட்டுமே பாம், பனைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று என்பதால், அதற்கு மட்டும் கள்ளிக் கலவையே ஏற்றது.

கேள்வி: இலைகள் மஞ்சளாகின்றன. கலவையை மாற்றிவிடலாமா?

பதில்: முதலில் எந்த இலை என்று பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஆரஞ்சு கலந்த மஞ்சள் புள்ளிகள் ஒளி ஊடுருவத் தெரிகின்றனவா? அது பொட்டாசியக் குறை. இலையின் ஓரம் மட்டும் அகலமாக மஞ்சளாகி நடுப்பகுதி பச்சையாக இருந்தால் மக்னீசியக் குறை. இவ்விரண்டுக்கும் கலவையை மாற்ற வேண்டியதில்லை. மக்னீசியமும் சேர்ந்த, மெதுவாகக் கரையும் உரம் போதும். பொட்டாசியக் குறையுள்ள இலையை முற்றிலும் காயும்முன் வெட்டாதீர்கள். புதிய இலைக்குத் தேவையான பொட்டாசியத்தைச் செடி அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருக்கிறது.

புதிதாக விரியும் இலையே மஞ்சளாக வந்தால் அது இரும்புக் குறையின் அடையாளம். கலவையில் இரும்பு இருந்தும் காற்றில்லாத வேரால் அதை எடுக்க முடியாமல் போவதே பல வேளைகளில் காரணம் என்பதால், அப்போது கலவையை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: மாற்றும்போது எவ்வளவு பெரிய தொட்டி, எவ்வளவு ஆழம்?

பதில்: இப்போதுள்ளதைவிட 3 முதல் 5 செ.மீ. மட்டுமே அகலமான தொட்டியாக இருக்கட்டும். வேர் எட்டாத கலவை நெடுநாள் ஈரமாகவே கிடக்கும். வேர்க்கட்டியை உதறிப் பிரிக்காதீர்கள். அழுகிய வேரை மட்டும் நீக்குங்கள். செடி முன்பிருந்த ஆழத்திலேயே நிற்க வேண்டும். தண்டு ஆடுகிறதே என்று அடிப்பகுதியைக் கலவைக்குள் புதைத்தால், புதிய வேர்கள் கிளம்பும் இடத்திலேயே காற்று தடைப்படும். ஆட்டம் நிற்கும்வரை ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். கலவையைக் கையால் அழுத்திக் கெட்டிப்படுத்த வேண்டாம்.