கேளுங்கள் சொல்கிறோம்: அமெரிக்காவில் எது சட்டம்?

கொலராடோ மாநிலத்தில் கஞ்சாவைக் கடை போட்டே விற்கிறார்கள். அதே கஞ்சாவைக் காரணம் காட்டி, கிரீன் கார்டு வைத்திருப்பவருக்குக் குடியுரிமையை மறுக்கிறார்களாமே! எது சரி?
- வாசகர், கோவை

இரண்டும் சரி. அங்கே ஒரே மண்ணில் இரண்டு அரசுகளின் சட்டம் செல்லும். கொலராடோ மக்கள் 2012-இல் வாக்களித்து மாநில அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். 2014 ஜனவரியில் கடைகள் திறந்தன. ஆனால், நாடாளுமன்றமான காங்கிரஸ் 1970-இல் இயற்றிய போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் அதனால் அசையவில்லை. இரண்டும் மோதினால் மத்தியச் சட்டமே மேல் என்கிறது நாட்டின் அரசியல் சட்டத்தின் 6-ஆவது பிரிவு. சொந்த மருந்துக்காக வீட்டில் வளர்த்த செடிக்கும் அது பொருந்தும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிறகு கடைகள் எப்படி நடக்கின்றன? மத்தியச் சட்டத்தை அமல்படுத்தும்படி மாநிலப் போலீசை மத்திய அரசு கட்டாயப்படுத்த முடியாது. மத்திய அதிகாரிகளும் கடை கடையாக ஏறி இறங்குவதில்லை.

குடியுரிமை விஷயம் வேறு. அது மத்திய அரசின் கையில் இருப்பதால், அதிகாரி மத்தியச் சட்டத்தைத்தான் பார்ப்பார். தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நேர்காணலில் 'புகைத்திருக்கிறேன்' என்று ஒப்புக்கொண்டாலே நன்னடத்தை நிபந்தனை அடிபடலாம். கஞ்சாக் கடையில் வேலை பார்ப்பதும் வினையாகலாம். மறைத்துப் பொய் சொன்னால் அது தனிக் குற்றம். விண்ணப்பிக்கும் முன்பே குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.

எச்-1பி வேலை விசா எண்ணிக்கையை அதிபர் நினைத்தால் கூட்டலாமா? எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருப்பவர்களின் வேலை அனுமதி மட்டும் ஏன் அடிக்கடி ஆட்டம் காண்கிறது?
- வாசகி, சென்னை

எந்த விதியை யார் போட்டது என்று பாருங்கள், விடை கிடைத்துவிடும். ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 20,000 என்ற கணக்கு காங்கிரஸ் இயற்றிய சட்டத்திலேயே இருக்கிறது. அதிபர் தனியாகக் கூட்ட முடியாது. காங்கிரஸ்தான் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

எச்-4 வேலை அனுமதியோ 2015-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை போட்ட விதி. துறையே அதை நீக்கலாம், ஆனால் நினைத்த மாத்திரத்தில் முடியாது. 1946-ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டப்படி வரைவை அரசிதழில் வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்ல அவகாசம் தந்து, வந்தவற்றைப் பரிசீலித்து, காரணத்தோடு இறுதி விதியை வெளியிட வேண்டும். இதில் ஒரு படியைத் தாண்டினாலும் யாராவது வழக்குப் போட்டு நிறுத்திவிடுவார்கள். டிரம்பின் முதல் ஆட்சியில் இதை நீக்கப்போவதாக அறிவித்தும், வரைவு அரசிதழில் வராமலே பதவிக்காலம் முடிந்தது.

அதிபரின் ஆணைக்கு இந்தச் சுற்று இல்லை. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் திடீரென்று வந்தது அப்படித்தான். அடுத்து வருபவர் அதே வேகத்தில் அதை ரத்தும் செய்யலாம்.

நீதிபதியின் தீர்ப்பும் அங்கே சட்டமா?
- வாசகர், திருச்சி

ஆம், ஆனால் எல்லை உண்டு. மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்திருக்கின்றன. 9-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு கலிபோர்னியாவில் உள்ள மத்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். 5-ஆவது வட்டாரத்தில் இருக்கும் டெக்சஸை அல்ல. ஒரே சட்டத்துக்கு இரு இடங்களில் இரு பொருள் நிலவுவதும் உண்டு, உச்ச நீதிமன்றம் தலையிடும் வரை. மாநிலச் சட்டத்தின் பொருளைப் பொறுத்தவரை, அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொல்வதே கடைசி வார்த்தை. தீர்ப்பும் சட்டம் என்பதில் லூசியானா மாநிலம் மட்டும் விதிவிலக்கு: பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிகளின் மரபில் வந்ததால், சொத்து, ஒப்பந்த விவகாரங்களில் முந்தைய தீர்ப்புகளைவிடத் தொகுப்புச் சட்டத்துக்கே அங்கே முதலிடம்.

கொலை வழக்கில் விடுதலையானவர் அதே கொலைக்கு நஷ்டஈடு கொடுப்பது எப்படி?
- வாசகர், மதுரை

முன்னாள் மனைவியையும் அவருடைய நண்பரையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சனைக் கேட்கிறீர்கள். 1995-இல் நடந்தது அரசு தொடுத்த குற்ற வழக்கு. நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். 1997-இல் முடிந்தது கொலையானவர்களின் குடும்பத்தார் நஷ்டஈடு கேட்டுத் தொடுத்த உரிமையியல் வழக்கு. அதில் யார் பக்கம் சாட்சியம் சற்றுக் கூடுதலாகச் சாய்கிறது என்பதே போதும்.