42 பேரும் பதில் சொல்ல...

கேள்வி: அஞ்செட்டி பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 42 பிள்ளைகள். எதைக் கேட்டாலும் அதே மூன்று பேர்தான் கை தூக்குகிறார்கள். பிள்ளைகள் பொத்தானை அழுத்தி விடை சொல்லும் கிளிக்கர் கருவி வாங்க நன்கொடை திரட்டலாமா?
– ஓர் ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: வேண்டாம் டீச்சர். தலைக்கொரு கருவி, ரிசீவர், பேட்டரி என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். பிளிக்கர்ஸ் அட்டை போதும். பிள்ளைகள் கையில் காகிதம், உங்கள் கையில் மட்டும் பிளிக்கர்ஸ் செயலி உள்ள போன். அட்டைக்கு அட்டை கறுப்புக் கட்டம் மாறும். நான்கு ஓரத்திலும் ஏ, பி, சி, டி இருக்கும். தன் விடை மேலே வரும்படி திருப்பிப் பிடித்தால், யார் எதைச் சொன்னார் என்று கேமரா படித்துவிடும்.

வழக்கமான தொகுப்பில் 40 அட்டைதான். உங்களுக்கு 63 அட்டைத் தொகுப்பு வேண்டும். தடித்த தாளில் பிரின்ட் எடுங்கள். பளபளக்கும் லேமினேஷன் போட்டால் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கட்டம் தெரியாது. விரல் கட்டத்தை மறைத்தாலும் படிக்காது, ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் ஒன்றாகவே இருக்கட்டும். சிக்னல் கிடைக்காத நாளுக்கு, விடைக்கு ஒரு நிறமாக நாலு நிறச் சார்ட் அட்டைகள்: "மூன்று" என்றதும் எல்லோரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். பெயர்வாரியாகப் பதிவாகாது, ஆனால் வகுப்பின் போக்கு தெரிந்துவிடும்.

அட்டையைவிட முக்கியம் கேள்வி. வரையறை கேட்டால் மனப்பாடம்தான் தெரியும். இப்படிக் கேளுங்கள்: மேலே எறிந்த மாங்காய் உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அப்போது அதன் முடுக்கம்? ஏ: பூஜ்யம். பி: மேல்நோக்கி 9.8 மீ/வி². சி: கீழ்நோக்கி 9.8 மீ/வி². டி: இறங்கத் தொடங்கிய பிறகே வரும். விடை சி. 'ஏ' காட்டுகிறவர் திசைவேகத்தையும் முடுக்கத்தையும் குழப்பிக்கொண்டார் என்று அந்த இடத்திலேயே தெரியும்.

ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் வகுத்த முறை இதற்குப் பொருந்தும். ஒரு நிமிடம் பேசாமல் யோசிக்க விட்டு, பிறகு அட்டை. சரியானவர்கள் 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் பாடத்தைத் திரும்ப எடுங்கள். 70க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கி நகருங்கள். இடையில் விழுந்தால்தான் அறுவடை: வேறு விடை சொன்ன பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாட விட்டு, மறுபடி அட்டை. அதற்கு முன் முடிவைத் திரையில் காட்டிவிடாதீர்கள், அதிகம் பேர் காட்டிய விடைப் பக்கம் கூட்டம் சாய்ந்துவிடும். மதிப்பெண்ணும் வேண்டாம், போட்டால் பின்பெஞ்ச் முன்பெஞ்சைப் பார்த்துத்தான் அட்டையைத் திருப்பும். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிற பிள்ளைகள் அந்த மொழியிலேயே வாதாடட்டும், தடுக்காதீர்கள்.