டோரிஸ் ஆண்டர்சன் ஒரு பெண்கள் பத்திரிகை ஆசிரியர்தானே, கனடாவில் ஏன் இவ்வளவு பேசப்படுகிறார்?

பெண்கள் பத்திரிகைதான், சரி. ஆனால் 'ஷாட்டலேன்' இதழில் 1957 முதல் 1977 வரை ஆசிரியராக இருந்த அவர், சமையல் குறிப்பையும் தையலையும் நீக்கிவிடாமல், பக்கத்திலேயே கருக்கலைப்புச் சட்டம், விவாகரத்து, சம ஊதியம் என்று கட்டுரைகளை நுழைத்தார். கேக் செய்முறைக்காக வாங்கியவர்களும் அதைப் படித்தார்கள். கெட்டிக்காரத்தனம் அதுதான் என்பேன். அப்படியும், அதே நிறுவனத்தின் செய்தி இதழான 'மெக்லீன்ஸ்' ஆசிரியர் பதவி 1969-இல் அவருக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் அரசின் பெண்கள் ஆலோசனைக் குழுத் தலைவரானார். அரசியல் சாசனம் பற்றிய பெண்கள் மாநாடு அரசின் நெருக்கடியால் ரத்தானதும், 1981 ஜனவரியில் பதவியை உதறினார். கோபம் பரவியது. பிப்ரவரி 14-இல் சுமார் 1,300 பெண்கள் ஒட்டாவாவில் தாங்களாகவே கூடினார்கள். கனடாவின் அரசியல் சாசனத்தில் இடம்பெற்ற உரிமைச் சாசனத்தில் ஆண்-பெண் சமத்துவத்தை உறுதிசெய்யும் 28-ஆம் பிரிவு அந்த அழுத்தத்தில் வந்ததுதான்.